மரத்துக்கு ஒரு காப்பு

கொழும்பில் விசாவுக்குக் கைரேகை எடுத்த அலுவலகத்தில் எல்சியின் இடது கை பதிய மறுத்துவிட்டது. வலது கைக்குப் பிரச்சினை இருக்கவில்லை. இடது கை விரல்களைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினால், யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டது போல திரையில் வெறும் மங்கல்தான் வந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண்பிள்ளை கையைத் துடைக்கச் சொன்னாள். பிறகு எதையோ தடவச் சொன்னாள். கடைசியில் எழும்பி வந்து, எல்சியின் கையைத் தன் கையில் எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மா, ரேகை தேஞ்சு போய்க் கிடக்கு. என்ன வேலை செய்யிறனீங்கள்?”

“மரம் பிடிக்கிறனான், பிள்ளை.”

பிள்ளைக்கு விளங்கவில்லை. பக்கத்துக் கதிரையில் தன் முறைக்காகக் காத்திருந்த லெஸ்லிக்கு விளங்கியது. விளங்கியதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருடத்துக்கு மேலாக ஒன்றாக வாழ்ந்தும் மனைவியின் உள்ளங்கையை அவர் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

லெஸ்லி உப்புவெளியில் மரக்கடைசல் செய்கிறவர். கட்டில் கால், கதிரைக் கால், விறாந்தைக் கிராதி, கோயில் மெழுகுதிரித் தண்டு என்று சுழல வைத்து உளியால் வழிக்கக்கூடிய எதுவும் அவரிடம் வரும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில். கொட்டிலுக்குள் ஒரு லேத். அந்த லேத்துக்கு ஒரு குறை இருந்தது. சுனாமி வந்த அன்று அது கொட்டிலோடு அள்ளுண்டு போய், றோட்டுக்கு அந்தப்பக்கத்துத் தாழம்பற்றைக்குள் கிடந்தது. லெஸ்லி அதைத் தேடிப் பிடித்து, உப்புப் போகக் கழுவி, அதன் அடியில் வளைந்துபோயிருந்த இரண்டு இரும்புத் தண்டவாளங்களையும் காய்ச்சி அடித்து நிமிர்த்தினார். நிமிர்ந்தது, ஆனால் முழுதாக நிமிரவில்லை. குட்டை மரம் என்றால் ஒன்றும் தெரியாது. ஆள் உயர மரத்தை இரண்டு முனையிலும் பிடித்துச் சுழல விட்டால்தான் தெரியும். பிள்ளைகள் கயிறடிக்கிற கயிறு மாதிரி நடுப்பகுதி வயிறு தள்ளித் துள்ளும். உளி பட்டதும் கொட்டில் முழுக்கக் கடகடவென்று அடிக்கும். மரத்தில் திருகாணிபோல வரி வரியாக விழும். அதை எந்த மினுக்குத்தாள் போட்டுத் தேய்த்தும் எடுக்க முடியாது.

நடுவில் யாராவது பிடித்தால் துள்ளாது. முதலில் ஓர் உதவியாள் பிடித்தான். அவன் டோஹாவுக்குப் போன பிறகு, ஒருநாள் எல்சி குசினியிலிருந்து கை துடைத்த துணியோடு வந்து, “எங்க பிடிக்கோணும், காட்டுங்கோ” என்றாள். அவசர வேலை ஒன்றுக்காக வந்தவள்தான். பிறகு அவளைப் போகச் சொல்ல லெஸ்லிக்குத் தோன்றவில்லை, அவளும் கேட்கவில்லை.

காப்பை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு, மெழுகு பூசிய துணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்சி மரத்தின் பின்பக்கம் நிற்பாள். லெஸ்லி முன்பக்கம் உளியோடு நிற்பார். சதுர மரத்தின் மூலைகளை வழித்து அவர் ஒரு முனையிலிருந்து உருட்டத் தொடங்குவார். உருண்ட இடத்தில் அவள் கை வந்து அமரும். உளி ஓரங்குலம் நகர்ந்தால் கையும் ஓரங்குலம் நகரும். இப்படியே ஒரே மரத்தின் இரண்டு பக்கத்தாலும் இருவரும் மெல்ல மெல்ல நடந்து மற்ற முனைக்குப் போவார்கள். தொடக்கத்தில் “பிடியும்”, “விடும்” என்று இரண்டு சொல் இருந்தது. பிறகு அதுவும் தேவைப்படவில்லை. அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் இருவரும் அதிக நேரம் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றது இந்த மரத்துக்கு இரண்டு பக்கமும்தான். அப்போதும் பார்த்தது மரத்தை.

கைரேகை கொடுத்துவிட்டு வந்ததன் முடிவு மாசி மாதம் தெரிந்தது. எல்சிக்கு விசா வந்தது. லெஸ்லிக்கு வரவில்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை தினுஷா, கனடாவில். புருஷன் பாரவண்டி ஓட்டுகிறவன். வெளிக்கிட்டால் வீடு திரும்ப நாட்கள் செல்லும். தினுஷாவுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இப்போது மறுபடி பிள்ளைத்தாச்சி. டாக்டர் படுக்கையை விட்டு எழும்பவே விடுகிறாரில்லை. தாயும் தகப்பனும் வரட்டும் என்று இரண்டு பேருக்கும்தான் அழைப்பு அனுப்பியிருந்தாள்.

லெஸ்லிக்கு வந்த பதிலை அவளே போனில் தமிழாக்கிச் சொன்னாள். “நீங்கள் திரும்பிப் போவீங்கள் எண்டு அவையளுக்கு நம்பிக்கை இல்லையாமப்பா.”

“நானோ?” என்று கேட்டார் லெஸ்லி.

எல்சி அடுத்தநாள் காலை, தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கதையைத் தொடங்கினாள். சுற்றி வளைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“இஞ்சேருங்கோ, உங்களுக்குத் தனியச் சமாளிக்க ஏலுமெண்டா நான் போறன். ஏலாதெண்டா இப்பவே பிள்ளைக்குச் சொல்லிவிடுவம். அவள் வேற ஆரையும் பாக்கட்டும்.”

“சாப்பாட்டைச் சொல்லுறீரோ?”

“சோறு எங்கயும் வாங்கலாம். நான் மரத்தைச் சொல்லுறன்.”

அந்த நேரம் பார்த்து பெரிய வேலை ஒன்று கையில் இருந்தது. உப்புவெளிக் கடற்கரையில் விருந்தினர் விடுதி வைத்திருக்கிற பிரகலாதன், நுளம்பு வலை கட்டுகிற மாதிரி நாலு மூலையிலும் உயரமான தூண் வைத்த கட்டில்கள் கேட்டிருந்தார். வெள்ளைக்காரருக்கு அப்படித்தான் பிடிக்குமாம். ஒவ்வொரு தூணும் ஆளை விட உயரம், மணிக்கட்டுத் தடிப்பு. லெஸ்லியின் லேத்துக்கு அதைவிடக் கெட்ட சாமான் கிடையாது. சீசன் தொடங்கமுன் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பிரகலாதன் கொழும்பில் செய்விப்பார். பிறகு அந்தக் கரையோரத்து விடுதி ஒன்றும் லெஸ்லியைத் தேடி வராது.

“பிடிக்க ஒரு கைதானே வேணும். அதைச் செய்யலாம்,” என்றார் லெஸ்லி.

சொல்லும்போது அவருக்கு அதில் நம்பிக்கையும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் ஒரே காரணத்துக்காக.

நீள மரத்தை நடுவில் தாங்குவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கொழும்புக் கடை ஒன்றுக்குப் போன் அடித்து விலை கேட்டார். கேட்டதோடு போனை வைத்துவிட்டார். தினுஷா படுக்கையில் கிடந்தபடியே ஒரு வீடியோவைத் தேடி அனுப்பினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவன் பலகை ஒன்றை நிலாப்பிறை போல வெட்டி, அதில் உருளுகிற மூன்று சின்னச் சில்லுகளைப் பூட்டி, மரத்தைச் சில்லுகளுக்கு நடுவில் ஓட விடுகிறான். மூன்று பக்கமும் சில்லு. மரம் எங்கேயும் துள்ள இடமில்லை. “உது உங்களுக்குப் பெரிய வேலையோ அப்பா?” என்று எழுதியிருந்தாள். பெரிய வேலை இல்லைதான்.

சில்லுத் தேடி லெஸ்லி கிண்ணியாவுக்கு பஸ் ஏறினார். வெளிக்கிடும்போது முன்வீட்டு மாஸ்டர் படலையடியில் நின்று கை காட்டினார். மாஸ்டருடைய மனைவி மகனிடம் ஆறு மாதத்துக்கென்று லண்டன் போனவ. போய் எத்தனை வருடம் என்று யாரும் இப்போது கேட்பதில்லை. அவ வைத்துவிட்டுப் போன குரோட்டன் செடிகள் மதிலை மூடி வளர்ந்துவிட்டன. மாஸ்டர் மத்தியானத்தில் கடைச் சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு வந்து, அதைப் பிரிக்காமலே கனநேரம் விறாந்தையில் இருப்பார். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்வரைக்கும் லெஸ்லியின் கண்ணுக்குள் அந்தப் பார்சல்தான் நின்றது.

பாலத்தடியில் றுவைஸின் பழைய சாமான் கடை. துருப்பிடித்த சைக்கிள்களுக்கும் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பொருட்களுக்கும் நடுவில் றுவைஸ் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான்.

“அடடா, லெஸ்லி அண்ணன்! கட்டிலுக்கா, தொட்டிலுக்கா?”

“சில்லு வேணும் தம்பி. சின்னச் சில்லு. ஆட்டமில்லாம உருளோணும்.”

“சூட்கேஸுக்கா?”

“மரத்துக்கு.”

“மரத்துக்குச் சில்லுப் பூட்டி எங்க ஓட்டப் போறீங்க? கனடாவுக்கா?” றுவைஸ் தன் பகிடிக்குத் தானே சிரித்தான். லெஸ்லி சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான். “என்ன அண்ணன், நிசமாவா?”

“நானில்ல. எல்சி. எனக்கு இல்லையெண்டுட்டாங்கள். நான் போனாத் திரும்பி வரமாட்டனாம்.”

“நீங்களா? இஞ்ச கிண்ணியாவுக்கு வந்தாலே பஸ் போயிடும், பஸ் போயிடும் எண்டு நிண்டநிலையில ஓடுற மனிசன்!” றுவைஸ் எழும்பிக் குவியலைக் கிளறினான். “அக்கா வந்திருவாங்களாமா? அவங்கள நம்பிட்டானுகளா?”

“ஓம். அவவை நம்பிட்டாங்கள்.”

றுவைஸ் இன்னும் கொஞ்சம் கிளறினான். குவியலுக்குள்ளிருந்து சில்லுப் பூட்டிய சப்பாத்து ஒன்றை இழுத்தெடுத்தான். குளிர்நாட்டுப் பிள்ளைகள் றோட்டில் சறுக்கி விளையாடப் போடுவது. அடியில் நாலு சில்லு வரிசையாக இருந்தது. விரலால் தட்டிவிட்டான். சில்லு சத்தமில்லாமல் கனநேரம் சுற்றியது.

“ஒத்தக் கால்தான் இரிக்கி. மத்தக் கால் எங்க போச்செண்டு அல்லாஹ்தான் அறிவான். ஒத்தக் காலுக்கு ஆர் வருவா, நீங்களே கொண்டுபோங்க.”

பலகையும் அவனிடமே கிடைத்தது. போன தேர்தலில் சந்தியில் நிறுத்தியிருந்த விளம்பரப் பலகையின் ஒரு துண்டு. நல்ல தடித்த பிளைவுட். அதில் ஒரு வேட்பாளரின் காதும் அரை மீசையும் இருந்தன. “ஆள் தோத்துட்டார் அண்ணன். பலகை நல்ல பலகை,” என்றான் றுவைஸ்.

லெஸ்லி பிளைவுட்டை இரண்டாக வெட்டிப் பசை போட்டு ஒட்டினார். லேத்தின் தண்டவாளத்திலிருந்து மரத்தின் நடுமையம் வரைக்கும் உயரம் எடுத்து, பிறை போல வாய் திறந்த வடிவத்தில் அரிந்தார். வாய் உளிப் பக்கம் இருந்தது. மூன்று இடத்தில் நீளத் துளை போட்டு, சில்லுகளை முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கக்கூடிய மாதிரி பூட்டினார்: பின்பக்கம் இரண்டு, மேலே ஒன்று. எல்சி கை வைக்கிற இடம் எது, அழுத்துகிற பக்கம் எது என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அந்த இடத்திலேயே சில்லுகளை வைத்தார். அடியில் கட்டை கொடுத்து தண்டவாளத்தோடு போல்ட் போட்டு இறுக்கினார்.

முதல் ஓட்டத்துக்கு, ஏற்கனவே உருட்டிய பழைய தூண் ஒன்றை ஏற்றினார். சில்லுகளை இறுக்கி வைத்ததில் மரம் சூடேறிக் கறுத்த வளையம் விழுந்தது. தளர்த்தினார், பழையபடி கடகடத்தது. நடுவில் ஓர் இடம் இருந்தது, இறுக்கமுமில்லை, தளர்வுமில்லை. அதைக் கண்டுபிடிக்க நாட்கள் போயின. ஓடும்போது நட்டுக்கள் தானாகக் கழன்றன. இரட்டை நட்டுப் போட்டார். சில்லின் றப்பர் மரத்தில் கறை போட்டது. மெழுகுதிரித் துண்டால் தேய்த்தார். இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, பிரகலாதனின் தூண்களில் சிலவற்றை இருவரும் பழைய மாதிரியே கையால் பிடித்துக் கடைந்து முடித்தார்கள். அந்தக் கருவி சுவரோரமாக, காதும் அரை மீசையுமாக, பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் பின்னேரம் அது சரிவந்தது. உருண்ட தூண் மூன்று சில்லுகளுக்கு நடுவில் சுற்றியது. உளி வைத்தபோது பட்டுப் போலச் சுருள் சுருளாக வழிந்தது. எல்சி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

“அப்ப சரியோ?”

லெஸ்லி மோட்டரை நிற்பாட்டினார். “உருண்ட மரத்துக்குச் சரி.”

“பிறகென்ன?”

“வாற மரம் உருண்டோ வருது? சதுரமாத்தானே வருது. மூலையுள்ள மரத்தைச் சில்லில வைச்சா அடிச்சு நொறுக்கிப்போடும். முதல்ல உருட்டோணும். உருட்டிறதுக்குத்தான் பிடிக்க ஆள் வேணும்.”

“அப்ப இதை வைக்கிறதுக்கு முதல் நான் பிடிக்கோணும். நான் பிடிச்சு முடிஞ்சா இது தேவையில்லை.”

“ஓம்,” என்றார் லெஸ்லி. “அப்பிடித்தான் இருக்கு.”

சொன்னபோது அவருக்கு உள்ளுக்குள் ஏதோ இளகியது. கனநாளாக இறுக்கி வைத்திருந்த நட்டு ஒன்று அரைச்சுற்றுத் தளர்ந்த மாதிரி. வேறு வழி இல்லாமலும் இல்லை. முனையில் கொஞ்சம் உருட்டி, அந்த இடத்தில் கருவியை வைத்து, இன்னும் கொஞ்சம் உருட்டி, கழற்றி, நகர்த்தி, மறுபடி இறுக்கி என்று ஊர்ந்து ஊர்ந்து போகலாம். ஒரு தூணுக்கு ஒரு பகல் போகும். அந்த வேகத்தில் பிரகலாதனின் வேலை முடியாது. முடியாது என்பதை அவர் தனக்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் அது உண்மையாகத்தான் இருந்தது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவரால் எல்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று எல்சி மகளுக்குப் போன் அடித்தாள். விறாந்தையில் இருந்து கதைத்தது கொட்டிலுக்குள் கேட்டது.

“சரிவராது போல கிடக்கு பிள்ளை. அப்பாவுக்குத் தனிய ஏலாது... இல்லையடி, அவர் பாவம், எவ்வளவோ செய்து பாத்தவர்... அழாத. அழக்கூடாது எண்டெல்லே டாக்டர் சொன்னவர்.”

மற்றப் பக்கத்தில் கனடாவில் தினுஷா அழுது முடிக்கும்வரை எல்சி போனை வைக்கவில்லை. லெஸ்லி கீழே கிடந்த மரச்சுருள்களைக் கூட்டினார். கூட்டியதையே மறுபடியும் கூட்டினார்.

மறுநாள் இருவரும் இன்னொரு தூண் கடைந்தார்கள். எல்சி எப்போதும் போலத்தான் பிடித்தாள். அடுத்தநாளும் அப்படித்தான். பிரகலாதன் வந்து, முடிந்த தூண்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, “என்ன லெஸ்லி அண்ணே, வழுவழு எண்டிருக்கு! அக்காவும் நீங்களும் சேந்தா மெசின் தோத்துப்போம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். எல்சி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததற்கும் லெஸ்லிக்குக் காரணம் தெரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, எல்சி கிணற்றடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். லெஸ்லி படியில் இருந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் கழுவுவதை நிறுத்திவிட்டு, ஈரக் கையை முன்னால் நீட்டி, காப்பை மணிக்கட்டில் மெல்லச் சுற்றினாள். இன்னும் ஒரு தரம் சுற்றினாள்.

“இஞ்சேருங்கோ. என்ர கை வட்டமோ?”

“என்ன?”

“கையைப் பாருங்கோ. எலும்பு ஒரு பக்கம், சப்பை ஒரு பக்கம். கை வட்டமில்லை. ஆனா காப்பு வட்டம்தானே. காப்பு சுத்துதுதானே.”

லெஸ்லி ஊசியைச் செருப்பு வாரில் குத்தி வைத்தார்.

“உங்கட சில்லு மரத்தில ஓடத் தேவையில்லை. மரத்துக்கு ஒரு காப்பைப் போடுங்கோ. சில்லு காப்பில ஓடட்டும். உள்ளுக்க மரம் சதுரமா இருந்தா என்ன, எப்பிடி இருந்தா என்ன?”

அவர் பதில் சொல்லுமுன் அவள் சட்டியையும் அரிசியையும் அப்படியே விட்டுவிட்டுப் போனாள். குசினித் தண்ணி போகிற பிளாஸ்டிக் பைப்பில் மிச்சம் கிடந்த துண்டை எடுத்து, லெஸ்லியின் மரம் அரிகிற வாளால் தானே அரிந்தாள். வெட்டு கோணலாகப் போனது. அதைச் சதுர மரத்தின் நடுவுக்குத் தள்ளிக் கொண்டுபோய், இடைவெளிக்குள் விறகுச் சிராய்களை ஆப்பு மாதிரி அடித்தாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

“போடுங்கோ பாப்பம்.”

லெஸ்லி மரத்தை ஏற்றிச் சில்லுகளை நெருக்கி மோட்டரைப் போட்டார். மெல்லிய பைப். சிராய் தள்ளிய இடமெல்லாம் அது வீங்கி, வட்டம் கெட்டுப்போயிருந்தது. சில்லுகள் டக் டக் டக்கென்று அடித்தன. பிளைவுட் உதறியது. பைப் வெடித்து ஒரு துண்டு தகரத்தில் போய் மோதியது. அவர் நிற்பாட்டினார்.

‘பாத்தீரே, சரிவராது’ என்பது அவருடைய நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும். அவளுக்கு அதற்குமேல் வழி தெரியாது. மரமும் உளியும் அவருடைய இராச்சியம். அவர் சொன்னால் அவள் நம்புவாள். இவ்வளவு காலமும் அப்படித்தான்.

எல்சி உடைந்த பைப்பைக் குனிந்து பொறுக்கினாள். “நான் செய்ததால பிழைச்சுது,” என்றாள். “நீங்கள் செய்தாச் சரிவரும்.”

லெஸ்லி அவளைப் பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு நாளாகத் தெரியும் என்று அந்தப் பார்வையில் கணக்கெடுக்க முடியவில்லை.

“எல்சி, போனாத் திரும்பி வருவீரோ?”

“வருவன் எண்டு சொன்னா நம்புவீங்களோ?”

அவர் மரத்தில் மிஞ்சியிருந்த சிராய் ஒன்றைப் பிடுங்கினார்.

“அப்ப கேக்காதேங்கோ,” என்றாள் எல்சி. குரலில் கோபம் இல்லை. “பிள்ளை பிறந்து, அது முகம் பாத்துச் சிரிக்கத் தொடங்கினாப் பிறகு, எனக்கு என்ன வரும் எண்டு எனக்கே தெரியாது. இப்ப ஒண்டைச் சொல்லி, பிறகு ஒண்டைச் செய்து, அதெல்லாம் வேண்டாம். நான் அரிசியை விட்டிட்டு வந்தனான், காகம் கொத்தப்போகுது.”

பைப் துண்டுகளை மேசையில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். லெஸ்லி லேத்தடியில் நின்றார். வெளியே கடற்கரைப் பக்கமிருந்து யாரோ வலை இழுக்கிறவர்களின் சத்தம் வந்தது. பிறகு நின்றது. அவர் உடைந்த பைப்பைத் தூக்கிப் பார்த்தார். பிழை எங்கே என்று பார்த்த உடனேயே தெரிந்தது. தெரியாமலிருக்கப் பாடுபட்டாலும் தெரியும். இவ்வளவு வருடமும் செய்த வேலை அது. பைப் தடிப்பாக இருக்க வேண்டும். ஆப்பு ஆகாது, ஸ்குரூ போட வேண்டும். அதுவும் பைப்பின் இரண்டு விளிம்புகளிலும் மட்டும். நடுவில் சில்லு ஓட வழுவழுப்பான இடம் விட வேண்டும். ஸ்குரூக்களை ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளர்த்தினால் பைப்பை மரத்தின் நடுமையத்துக்குக் கொண்டுவரலாம்.

கிணற்று மோட்டருக்கு வாங்கியதில் மிஞ்சிய தடித்த பைப் கூரை வளையில் செருகியிருந்தது. லெஸ்லி ஏணியை வைத்து ஏறி எடுத்தார்.

மூலைமட்டம் பிடித்து நேராக வெட்டினார். விளிம்பு இரண்டிலும் சுற்றிவரத் துளை போட்டார். மரத்தில் ஏற்றி, கையால் மெல்லச் சுற்றிச் சுற்றி, பென்சில் முனையைப் பைப்பில் தொடவிட்டு, மேடு தெரிகிற இடத்தில் ஸ்குரூவை இறுக்கினார். மறுபடி சுற்றினார். மறுபடி இறுக்கினார். அவசரப்படவில்லை. ஒரு வேலையைப் பிழையாகச் செய்வதற்கு அவருடைய கைக்குத் தெரியவில்லை. மனம் எவ்வளவு கெஞ்சினாலும் அந்தக் கை அப்படித்தான் பழகியிருந்தது. பென்சில் சுற்றிவர ஒரே மாதிரி கோடு போட்ட பிறகுதான் நிமிர்ந்தார். குனிந்து நின்றதில் நாரி நொந்தது.

மோட்டரைப் போட்டார். சதுர மரத்தின் நடுவில் வெள்ளைக் காப்பு மட்டும் அசையாமல் நிற்கிற மாதிரித் தெரிந்தது. அவ்வளவு சுத்தமாகச் சுழன்றது. மூன்று சில்லும் அதில் ஓடின. லெஸ்லி உளியை வைத்தார். மூலைகள் சிம்பு சிம்பாகப் பறந்தன. மரம் துள்ளவில்லை. ஒரு பாதியை உருட்டினார். மற்றப் பாதியை உருட்டினார். பிறகு கருவியைப் பக்கத்தில் உருண்ட இடத்துக்கு நகர்த்திவிட்டு, மரத்தை இறக்கிப் பைப்பைக் கழற்றி, மறுபடி ஏற்றி, நடுவில் எஞ்சியிருந்த சதுரத்தையும் வழித்தார்.

எல்சி எப்போது வந்தாள் என்று தெரியாது. பழக்கத்தில் நேரே மரத்தின் பின்பக்கம் வந்து நின்றாள். மெழுகுத் துணி கையில் இருந்தது. அவள் கை வைக்கிற இடத்தில் சில்லு ஓடிக்கொண்டிருந்தது. கையை இடுப்பில் வைத்தாள்; எடுத்தாள். துணியை மடித்து, மடித்ததை இன்னொரு தரம் மடித்து, மேசை மூலையில் வைத்தாள். பிறகு வெளியே போனாள்.

விறாந்தையில் போன் எடுபடுகிற சத்தம் கேட்டது. அங்கே விடிகிற நேரம்; ஸ்பீக்கரில் தினுஷாவின் குரல் தூக்கத்தோடு வந்தது.

“அம்மா வாறன் பிள்ளை. பிளேன் ரிக்கெற்றைப் பார்.”

“மெய்யாவோ? அப்பாவுக்குத் தனிய ஏலுமாமோ?”

“ஏலும். செய்துகொண்டுதான் நிக்கிறார். இந்தா, கேள்.” எல்சி போனைக் கொட்டில் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

“ஒண்டும் கேக்கேல்லையே அம்மா. ஃபேன் சுத்திற மாதிரித்தான் கிடக்கு. லேத் ஓடுதோ?”

“ஓடுது. நீ சின்னனில கேட்டது, கடகடவெண்டு. இப்ப அது இல்லை.”

“அப்பாட்டக் குடுங்கோவன்.”

லெஸ்லிக்கு எல்லாம் கேட்டது. உளியைத் தூக்கினால் போய்க் கதைக்க வேண்டும். சந்தோசமாகக் கதைக்க வேண்டும். அவர் உளியைத் தூக்கவில்லை. “வேலையில நிக்கிறார், பிறகு எடுப்பார்,” என்று எல்சி சொல்லும்வரைக்கும், சொன்ன பிறகும், ஏற்கனவே வழித்து முடித்த இடத்தையே மேலும் கீழுமாக வழித்துக்கொண்டிருந்தார். மரம் ஒரு துடிப்பும் இல்லாமல் அவருக்குச் சுருள் கொடுத்துக்கொண்டேயிருந்தது.

நிற்பாட்டி அளந்து பார்த்தபோது அந்தத் தூண் மற்றவற்றை விட ஒரு நூல் மெலிந்துபோயிருந்தது. கட்டிலில் பூட்டி வலையைக் கட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சுவரோரமாகச் சாத்திவிட்டு, லெஸ்லி அடுத்த சதுர மரத்தை எடுத்து, பைப்பை அதன் நடுவுக்குத் தள்ளத் தொடங்கினார்.